மாடியில் ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்பு மகள் சரிதாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் மஸ்கட்டில் ஒரு குறையுமில்லாமல் இருக்க மணக்குள விநாயகரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுத வந்து கையை நிறுத்திவிட்டேன். இந்த ஒரு தடவையாவது உள்ளபடி எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போன் பேசினால் தெருவுக்கே கேட்கும், அப்பாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வீட்டு ரோஷன் பீவியின் மகள் மஹீரா லீவு முடிந்து அங்கே திரும்புகிறாள், எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே, போன தடவை பூசணம் பிடிக்க வைத்தாய்.

அப்பா பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது எதனால் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நாம் இரண்டு பேரும் போனில் 'உடம்பு சரியில்லை' என்றுதான் பேசிக்கொண்டோம். உன் கல்யாண வரவேற்பில் மேடை ஏறும்போது விழுந்தாரே, அன்றைக்குச் சம்பந்தி வீட்டாரிடமும் அதையேதான் சொன்னோம். அன்றோடு நீ அவரிடம் பேச்சை நிறுத்தினாய், அவருகிட்ட போனைக் குடுக்காதம்மா என்றாய். உன்னைக் குறை சொல்லமாட்டேன், பட்டவள் நீ. பேத்தியை என் போனில் படமாகத்தான் பார்க்கிறார், பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, மாத்திரை மட்டும் போதாதும்மா, குடியை விட்டவங்களும் விடணும்னு நெனைக்கிறவங்களும் ஒண்ணா உக்காந்து பேசற மீட்டிங் ஞாயித்துக்கிழமையில நடக்குது, கூட்டிட்டுப் போங்க என்று இடத்தைச் சொன்னார். நம் ஊரில் குடிக்கிற கடை எங்கே என்று யாரும் கேட்க வேண்டாம், தெருவுக்குத் தெரு விளக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். விடுகிற இடத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் போய் இறங்கினோம். வெளியூர்க் கும்பல் ஒவ்வொரு பிராந்திக் கடை வாசலிலும் நிற்கிறது, அப்பா தலையைக் குனிந்துகொண்டே என் பின்னால் வந்தார். டாக்டரம்மா சொன்ன பழைய கட்டடத்து வாசலில் வாட்ச்மேன் நின்றிருந்தார். என்ன மீட்டிங் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மீட்டிங் எங்கங்க நடக்குது என்று மட்டும் கேட்டேன். அவர் அப்பாவின் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை ஒரு பார்வை பார்த்து, மாடிக்குப் போங்க, ஆரம்பிச்சுட்டாங்க என்றார். ஏறிப் போனால் அது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்கள் சங்கம்! ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாளை ஒட்டிக் கூடியிருக்கிறார்கள். சட்டையில் மெடல் குத்திய ஒரு பெரியவர், போன்சுவார் என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி, வாங்க வாங்க என்று எங்களை முன்வரிசையிலேயே உட்கார வைத்துவிட்டார். தப்பான இடம் என்று தெரிந்தும் எழுந்து வரக் கூச்சம். நீங்க எந்த ரெஜிமான், எந்தப் படைப்பிரிவு என்று அப்பாவைக் கேட்கிறார், பஞ்சாலையில் வேலை பார்த்த மனுஷன் என்ன சொல்வார்? சிரி, எனக்கும் இப்போது சிரிப்புதான் வருகிறது. அப்போது வரவில்லை, ஏனென்றால் தட்டில் வரிசையாகக் கண்ணாடித் தம்ளரில் வைன் வந்தது. பெரியவர் முதல் தம்ளரை எடுத்து மரியாதையாக அப்பா கையில் கொடுத்தார். அப்பாவும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு உயிரே போய்விட்டதடி. அவருக்கு உடம்பு சரியில்லீங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா எழுந்து நின்றார். வைன் தளும்பிச் சட்டையில் சிந்துகிறது. இத நான் தொடக் கூடாதுங்க, நான் குடிகாரன், விடணும்னு வந்தேன், அந்த மீட்டிங் எங்கன்னு தெரியாம இங்க வந்து உக்காந்துட்டோம் என்றார். அத்தனை பேர் முன்னால், சரிதா. நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. அந்தப் பெரியவர் தம்ளரை இரண்டு கையாலும் திரும்ப வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அப்பாவின் முழங்கையைப் பிடித்துப் படி இறக்கிப் பின்பக்கத்து அறைவரை கொண்டுவந்து விட்டார், வழியில் ஒரு கேள்வி கேட்கவில்லை. அங்கேதான் அந்த மீட்டிங், உள்ளே குடியை விட வந்தவர்கள் மட்டும்தான் உட்காரலாமாம், நான் வெளிப்படியில் இருந்தேன். ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்கிறார்கள். எம் பேரு வெற்றிவேல் என்று அப்பா குரல் கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு வாராவாரம் போகிறார். நடுவில் ஒரு நாள் குடித்தும் விட்டார், அதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. மறுபடி ஞாயிறு வந்ததும் அங்கே போய் அவரே சொல்லியிருக்கிறார். இனிமேல் தொடவே மாட்டார் என்று நான் உனக்குச் சத்தியம் செய்ய முடியாது, அங்கே இருக்கிறவர்களும் இன்றைக்குக் குடிக்கவில்லை என்று மட்டும்தான் சொல்லிக்கொள்கிறார்களாம். இதை மாப்பிள்ளையிடமும் காட்டு, மூடி வைத்ததெல்லாம் போதும். குழந்தைக்கு ஏசி நேராகப் படாமல் பார்த்துக்கொள், உனக்கும் தலையில் எண்ணெய் வை.

மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. அவரிடம் பேசு என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கச் சொல்லவில்லை. என்றைக்காவது உனக்கே மனசு வந்தால், உடம்பு எப்படிப்பா இருக்கு என்று மட்டும் கேட்காதே. மீட்டிங் போனீங்களாப்பா என்று கேள். போகவில்லை என்று சொன்னாலும் போனை வைத்துவிடாதே அம்மா.

உன் அம்மா,
சுலோசனா