காலி டியூபில் ஒட்டிய பெயர்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே குறைசொல்ல எதுவும் இல்லை, நீ சாப்பிடுவதும் தூங்குவதும் எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது. இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, அடித்துக்கொண்டிருந்த போனைப் பீரோவில் போர்வை அடுக்குக்கு நடுவே செருகியதுதான். அணைத்து வைத்தால் அழைக்கிறவர் சார்ஜ் இல்லை என்று நினைத்துக்கொள்வார், அடிக்க அடிக்க எடுக்காமல் விட்டால்தான் உறைக்கும். அப்பா பல் தேய்த்துக்கொண்டே வந்து “பீரோ முனகுதே” என்றார், முனகட்டும் என்றேன். அழைத்தது ரயில் டாக்டர். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி ரவுண்ட்ஸ் வருவதால் லேபில் நாங்கள் வைத்த பெயர். நீ நர்சிங் சேர்ந்தபோது நடைவழியில் எல்லோர் முன்னாலும் “என்னம்மா, பையனுக்கு மார்க் வரலையா, ஊசி போட அனுப்பிட்டீங்க” என்று கேட்டாரே, அவரேதான். அன்றைக்குச் சிரித்து வைத்தேன், அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. போனில் சொன்னால் நீ “விடும்மா” என்பாய், கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பழைய கதையை நீ சின்னப் பையனாக இருந்தபோது அரைகுறையாகக் கேட்டிருப்பாய். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வார்டில் அடுத்தடுத்த படுக்கையில் இரண்டு பேர். ரத்தம் எடுத்த பிறகு, அந்த ஆளின் பக்கத்திலேயே நின்றுதான் டியூபில் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும், அது எங்கள் தொழிலில் முதல் பாடம். ரயில் டாக்டர் அவசரத்தில் இரண்டு காலி டியூபிலும் முன்கூட்டியே பெயரை ஒட்டிக் கொண்டுபோய் ஆள் மாற்றி எடுத்துவிட்டார். ரத்த வகை பழைய பதிவோடு ஒத்துவரவில்லையே என்று பிடித்து நிறுத்தியது நான். நல்லவேளை, இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் பார்த்தால் கோப்பில் ‘லேபில் மாற்றிவிட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறார். டெக்னீஷியன் சொல் எந்த அம்பலம் ஏறும், எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அதோடு பதவி உயர்வும் போயிற்று. என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண் இன்று எனக்கு மேலதிகாரி. நல்ல பெண்தான், லீவு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பாள், ஆனாலும் அவளிடம் கேட்க வேண்டியிருக்கிறதே.

இப்போது ரயில் டாக்டரின் மகள் பள்ளி முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். உனக்குத்தான் தெரியுமே, இந்தத் துறையில் எந்தப் படிப்பானாலும் ஏதாவது ஒரு பிரிவில் நாற்பது மணி நேரம் கூட இருந்து பார்க்க வேண்டும், பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். அவளை என் மேஜைக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் நாள் முழுக்க டியூப் ஸ்டாண்டுகளைத் துடைக்கவிட்டேன், உன்னிடம் மறைப்பானேன், வேண்டுமென்றேதான். அவள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மூடிகள் ஏன் வேறு வேறு நிறத்தில் இருக்கின்றன என்று கேட்டாள். மூக்கு அப்படியே அவர் மூக்கு, கை மட்டும் அவருடையது இல்லை, நிதானமான கை. மூன்றாம் நாள் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்காமல் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. வாய்க்கு வாய் “டெக்னீஷியன்தானே” என்று சொன்ன மனிதரின் வீட்டிலேயே ஒரு டெக்னீஷியன் வந்தால் எப்படி இருக்கும், நாலு பேர் கேட்கும்போது “பொண்ணு லேப்ல இருக்கா” என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். அவளிடம் “உனக்கு லேப் படிப்புதானே பிடிச்சிருக்கு” என்று கேட்டேன். “ஆமா ஆன்ட்டி” என்றாள். இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் அதை வீட்டில் சொல்லியிருக்கிறாள். முந்தாநாள் அவரே லேபுக்கு வந்தார், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மேடம் என்றார். “நீங்க சொன்னா கேப்பா மேடம், டாக்டர் படிப்புக்கே போடச் சொல்லுங்க, அந்தப் பழைய விஷயத்துல தப்பு உங்க மேல இல்லன்னு எழுதிக் குடுத்துடறேன், இத்தோட விட்டுடலாம்” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் சரி என்று சொல்லவே இல்லை, அதற்குள் நேற்றுச் சாயங்காலம், ‘காலி டியூபில் பெயர் ஒட்டியது நானே, லேப் ஊழியர் மேல் தவறில்லை’ என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு, படம் எடுத்துப் போனுக்கு அனுப்பிவிட்டார். என் பதிலைக் கேட்டுத்தான் விடிந்ததிலிருந்து அடிக்கிறார். மனிதர் மாறவே இல்லை பார், இன்னும் காலி டியூபில்தான் ஒட்டுகிறார். அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அப்பா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஆனால் சிரித்து முடித்ததும் ஒன்று குத்தியது. வார்டில் யாரிடமும் ‘நீங்கதானே இன்னார்’ என்று கேட்கக் கூடாது, மயக்கத்தில் இருப்பவரும் பயந்தவரும் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள், ‘உங்க பேர் என்ன’ என்றுதான் கேட்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான். அவள் அப்பா “டாக்டர் ஆகணும்தானே” என்று கேட்டபோதெல்லாம் “ஆமாப்பா” என்றிருக்கிறாள், நான் “லேப்தானே” என்றதற்கு “ஆமா ஆன்ட்டி” என்றாள். அவர் ஒட்டிய சீட்டின் மேல் நான் என் சீட்டை ஒட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். நீ படிப்பைத் தேர்ந்தெடுத்தபோது உன்னிடம் நான் எப்படிக் கேட்டேன் என்று நேற்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது, நான் வருத்தப்படுவேன் என்று மாற்றி எழுதாதே.

நாள் முழுக்க நிற்கிறவன் நீ, செருப்பு வாங்குவதில் கஞ்சத்தனம் பார்க்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பிறந்தநாள், மறந்துவிட்டு மறுநாள் அசடு வழியாதே. உனக்குக் கைராசிக்காரன் என்ற பெயர் கிடைக்கட்டும், உன் கை பட்டவர்கள் எழுந்து நடக்கட்டும், நன்றாக இரு. அப்பாவிடம்கூட இன்னும் சொல்லாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன். நாளைக்கு அந்தப் பெண்ணை உட்காரவைத்து ‘என்ன படிக்கணும்’ என்று மட்டும் கேட்பேன், அவளாக ஒன்றைச் சொல்லும்வரை வாயைத் திறக்கமாட்டேன். டாக்டர் என்றாலும் குறை வைக்காமல் அதற்கே கடிதம் எழுதுவேன், லேப் என்றால் கொஞ்சம் கூடுதல் சந்தோஷத்தோடு எழுதுவேன், பொய் சொல்ல விரும்பவில்லை. விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அது போய்ச் சேரட்டும். திங்கட்கிழமை காலை, அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பியதை அச்செடுத்து நிர்வாக அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கப்போகிறேன், அவர் மகள் எதைப் படித்தாலும் சரி. மன்னிப்பதா வேண்டாமா என்பதை முத்திரை விழுந்த பிறகு யோசித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா