நான் நீக்கிய மூன்று வரிகள்

8 அக்டோபர் 2025, புதன்

கேம்ப் ரோடு நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு அலுவலகம் போனால், போனதும் சண்டை. ஒருவர் ஸ்பெக், அதாவது மாற்றத்தை விளக்கும் கோப்பு, எழுதாமலே மென்பொருள் கோடில் கை வைத்திருக்கிறார். விடுவேனா? எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். முதுகுக்குப் பின்னால் என்னை ஹெட்மாஸ்டர் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

இந்த முறையை இங்கே கொண்டுவந்தவன் நான். எந்த மாற்றமானாலும் முதலில் ஒரு கோப்பு: ஏன் மாற்றுகிறோம், என்ன மாறும், எந்தச் சூழலில் என்ன நடக்க வேண்டும். டெஸ்டிங் பார்க்கும் அருள்மேரி அதைப் படித்து ஒப்புதல் தர வேண்டும். பிறகுதான் ஏஐ கோடு எழுதும், சோதனைகளையும் அதுவே எழுதும். கோப்பில் இருப்பதைச் செய்யும், இல்லாததைச் செய்யாது. ஆகவே நான்காவது விதி: ஒப்புதலுக்குப் பின் ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி ஒப்புதல். கொட்டை எழுத்தில் அச்சடித்து என் இருக்கைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

இப்போது கையில் இருப்பது மாற்ற எண் 41. பம்மல் பக்கத்து டயாலிசிஸ் மையம். டயாலிசிஸ் நாள் மாறினால் நோயாளிகளுக்குப் போகும் குறுஞ்செய்தி இரண்டு தடவை போகிறதாம். இனி ஒரு தொலைபேசி எண்ணுக்கு ஒரு செய்திதான். சின்ன வேலை. தீபாவளிக்கு முன் போய்ச் சேர வேண்டும்.

9 அக்டோபர், வியாழன்

அருள்மேரி 41-ஐப் படித்துவிட்டு என் மேசைக்கே வந்துவிட்டார்.

"சார், ஒரே நம்பர் ரெண்டு பேஷண்டுக்கு இருந்தா?"

"யாரும்மா அப்படிக் குடுப்பா?"

"கோவளத்துல எங்க தெருவுக்கு வந்து பாருங்க. ஃபோன் ஒண்ணு, வீடு நாலு. ஆஸ்பத்திரி, ரேஷன், ஸ்கூல், எல்லாத்துக்கும் அதே நம்பர்தான் சார்."

அவரே மூன்று வரி சேர்த்து, ஒப்புதலும் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஒரே எண்ணில் இரண்டு நோயாளிகள் பதிவாகியிருந்தால்,
இருவரின் டயாலிசிஸ் முறையும் மாறும்போது,
இருவர் பெயரிலும் தனித்தனியே செய்தி போக வேண்டும்."

பன்னிரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் ஒப்பந்தத்தில் வேலைக்குத் திரும்பியவர். எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. உண்மையைச் சொல்வதற்கென்ன.

10 அக்டோபர், வெள்ளி

அந்த மூன்று வரி சோதனையில் தேறவே இல்லை. பழைய மென்பொருளில் நோயாளியை அடையாளம் காண்பதே தொலைபேசி எண்ணை வைத்துத்தான். அதை மாற்ற இரண்டு நாள் வேண்டும். மேனேஜர் சத்தியநாதன் இரண்டு தரம் எட்டிப்பார்த்தார். "ஜேகே, இன்னிக்கு ரிலீஸ் போயிடும்ல?"

அருள்மேரி நாலு மணிக்கே கோவளம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். மூன்று வரிகளையும் நீக்கினேன். சோதனைகள் எல்லாம் பச்சை, தேறிவிட்டன. கோப்பின் முந்தைய வடிவங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே பதிவாக்கி, முடிந்தவற்றோடு வைத்துவிட்டேன். இனி அந்த வரிகள் இருந்த தடம் என் லேப்டாப்பில் மட்டும்தான்.

நான்காவது விதி தலைக்கு நேர் மேலே இருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. திங்கட்கிழமை அருள்மேரியிடம் சொல்லிவிடுவேன்.

13 அக்டோபர், திங்கள்

சொல்லவில்லை. நாளைக்கு.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. மழையில் வெடியெல்லாம் நமுத்துப்போச்சு. மனைவி ரமா கிளறிய லேகியம் மட்டும்தான் சுறுசுறுவென்று இருந்தது.

22 அக்டோபர், புதன்

மையத்திலிருந்து அழைப்பு. அனகாபுத்தூரிலிருந்து வரும் பேபி என்ற அம்மாள். தீபாவளித் திங்கள் முறையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியிருக்கிறார்கள். அவருக்குச் செய்தி போகவில்லை. திங்களன்று வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். செவ்வாய்க் காலை மூச்சு முட்டி அவசரப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள்.

அவர் எண்ணைத் தேடினேன். அதே எண் கனகவல்லி என்ற இன்னொரு நோயாளிக்கும் இருந்தது.

லேப்டாப்பைத் திறந்து, நான் நீக்கிய மூன்று வரிகளை மறுபடி படித்தேன்.

23 அக்டோபர், வியாழன்

சத்தியநாதனோடு மையத்துக்குப் போனேன். அங்கிருந்த நர்ஸ், "முன்னெல்லாம் நாங்களே ஒவ்வொருத்தர்கிட்டயும் வாயால சொல்லுவோம் சார். உங்க மெசேஜ் வந்தப்புறம்தான் விட்டுட்டோம்" என்றார்.

கனகவல்லியின் மகன் சுகுமார் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். ஆட்டோ ஓட்டுகிறான். பேபி பக்கத்து வீடு. இரண்டு பேருக்கும் இவன் எண்தான்.

"எங்கம்மா பேர்ல மெசேஜ் வந்துச்சு சார். பேபி அத்தை வந்து எனக்கு இன்னா போட்டுக்கீதுன்னு கேட்டாங்க. உங்க பேர்ல ஒண்ணும் வரல, உங்களுது மாறலன்னு நான்தான் சொன்னேன். என் வாயாலதான் சார் சொன்னேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றான். என்னிடம்!

நான் என்ன செய்தேன்? தோளைத் தட்டிக் கொடுத்தேன். சீ.

24 அக்டோபர், வெள்ளி

கூட்டம். சத்தியநாதன் 41-ஐத் திரையில் திறந்தார். "மையத்து டாக்டர்கிட்ட ஏஐ பண்ண தப்புன்னு சொல்லிட்டேன். ஆனா நமக்குள்ள கேக்கறேன். ஸ்பெக்ல இந்தக் கேஸே இல்லையே? டெஸ்டிங் ஏன் யோசிக்கல?"

அருள்மேரி எழுந்து நின்றார். எங்கள் அலுவலகத்தில் யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை.

"நான் எழுதுன ஞாபகம் சார்."

"எங்கம்மா இருக்கு? நீங்களே பாருங்க."

திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். மேலே போனார், கீழே வந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஜேகே சார்கிட்ட சொன்னேனே... சொன்னேன்ல சார்?"

பேசினோம், ஆனால் எழுதினாரா என்று நினைவில்லை என்றேன்.

நினைவில்லை. எல்லாரும் கேட்கச் சொன்னேன். "அப்ப நான்தான் எழுதாம விட்டுட்டேன் போல" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். என்ன மனுஷன்டா நீ?

27 அக்டோபர், திங்கள்

அருள்மேரியின் ஒப்பந்தம் 31-ஆம் தேதியோடு முடிகிறது. நீட்டிக்கப் போவதில்லை என்கிறார் சத்தியநாதன். இன்னும் நாலு நாள் இருக்கிறது. போய் இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவர் அறை வாசல் வரை போனேன். கதவு திறந்துதான் இருந்தது. தண்ணீர் பிடிக்க வந்தவன் மாதிரி பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பினேன்.

29 அக்டோபர், புதன்

மறுபடி பாட்டில்.

31 அக்டோபர், வெள்ளி

கேக் வெட்டினார்கள். "என்னால பேர் கெட்டுப்போச்சு, மன்னிச்சுக்கோங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். எனக்கு ஒரு துண்டு நீட்டினார். வாங்கித் தின்றேன்.

2 நவம்பர், ஞாயிறு

"பத்து நாளா நீங்க சரியில்ல" என்றாள் ரமா. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஸ்கூல் டீச்சர். விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"பேப்பரை வாங்கி வெச்சப்புறம் நீங்களே உக்காந்து ஒரு பதிலை அடிச்சிட்டு, ஏன் எழுதலன்னு அந்தப் பொண்ணையே நிக்க வெச்சுக் கேட்டிருக்கீங்க."

கட்டை எடுத்து வைத்துவிட்டு எழுந்தாள். சாப்பாடு போட்டாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

3 நவம்பர், திங்கள்

சொல்லிவிட்டேன். லேப்டாப்பில் பழைய வடிவத்தைத் திறந்து சத்தியநாதன் முன்னால் வைத்தேன். அருள்மேரி பெயர், தேதி, மூன்று வரி. அதற்கடுத்து என் பெயர், மறுநாள் தேதி, வரிகள் இல்லை.

அவர் லேப்டாப்பை மூடினார். பிறகு, "டாக்டர்கிட்ட ஏஐன்னு சொல்லியாச்சு ஜேகே. இப்பப் போய் இதைக் கிளறணுமா?"

கிளறணும் சார் என்றேன். டாக்டருக்கு நானே எழுதினேன். சாயங்காலம் என் குழுத் தலைமைப் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். அதில் வருத்தமில்லை என்று எழுதினால் பொய். வருத்தம்தான்.

4 நவம்பர், செவ்வாய்

சுகுமாருக்கு ஃபோன் செய்தேன். தப்பு உன் பேரில் இல்லை, என் பேரில் என்று விளக்கினேன்.

"இன்னா சார் நீ? ரெண்டு வாரமா அத்தை மூஞ்சில முழிக்க முடியாம சுத்திகினு கீறேன். அன்னிக்கு தோளத் தட்னியே, அப்பவே சொல்லிக்கலாம்ல?"

வைத்துவிட்டான். சரியாகத்தான் கேட்டான்.

8 நவம்பர், சனி

தாம்பரத்தில் பஸ் ஏறி கோவளம் போனேன். அருள்மேரி வீட்டுக்காரர் சின்னப்பன் வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்காரக் கூசியது. நின்றுகொண்டே சொன்னேன்.

அருள்மேரி கோபப்படவில்லை. ஆனால் டீயும் தரவில்லை.

"வேலை போனதுகூட இல்ல சார். நான் எழுதினேனா, எழுதலயா? தினம் இதேதான். கேஸ அணைச்சனான்னு நாலு வாட்டி எழுந்து போய்ப் பாக்கறேன். எனக்கே என் மேல நம்பிக்கை இல்லாமப் போச்சு."

அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன். சின்னப்பன் தலை குனிந்துகொண்டார்.

சத்தியநாதன் மறுபடி கூப்பிடத் தயார் என்று சொன்னேன். "அத அப்பறம் பாக்கலாம். மொதல்ல அந்த மூணு வரிய அனுப்புங்க. நான் எழுதுனதுதானான்னு என் கண்ணால பாக்கணும்."

பஸ் ஸ்டாண்டில் லேப்டாப்பைத் திறந்து, நின்றபடியே அனுப்பினேன்.

12 நவம்பர், புதன்

மாற்ற எண் 44. அந்த மூன்று வரிகளைத் திரும்பச் சேர்ப்பது. 'ஏன்' என்ற இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். எழுதியவர்: அருள்மேரி. நீக்கியவர்: ஜெயகிருஷ்ணன். இந்த மாதிரி ஒரு வரி எங்கள் கோப்புகள் எதிலும் இதுவரை இல்லை.

யாராவது ஒருத்தர் ஒப்புதல் தரலாம் என்றார் சத்தியநாதன். முடியாது, நான்காவது விதி, அவர் எழுதியதை அவர்தான் பார்க்க வேண்டும் என்றேன். ஒருவர் சிரித்தார். சிரிக்க வேண்டியதுதான். கோவளத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

19 நவம்பர், புதன்

பதில் இல்லை. பேபி அம்மாள் போன வாரத்திலிருந்து மையத்துக்கு வருகிறாராம்.

28 நவம்பர், வெள்ளி

அருள்மேரியிடமிருந்து குரல் பதிவு. பின்னால் மீன் ஏலம் கேட்கிறது.

"சார், படிச்சேன். ஒப்புதல் தர முடியாது. ஃபோன் வெச்சிருக்கறவரு ரெண்டு நாள் ஊர்லயே இல்லன்னா? யாரு போய் சொல்லுவா? அதயும் எழுதிட்டு அனுப்புங்க. வேலைக்கு வரதப் பத்தி அதுக்கப்புறம் பேசலாம்."

இதுவும் எனக்குத் தோன்றவில்லை. எழுதி அனுப்பினேன். 44 இன்னும் திறந்துதான் இருக்கிறது. அதுவரை செய்தி அனுப்புவதை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

மையத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கிறார்களாம். திங்கள் முறை ஞாயிற்றுக்கு மாறுகிறது. முப்பத்தெட்டுப் பேர். பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக நானே கூப்பிட்டேன். சுகுமார் எண்ணுக்கு வந்ததும் கை தயங்கியது. எடுத்தான். அம்மாவின் முறை ஞாயிறு என்றேன். "சரி சார்" என்று வைத்துவிட்டான். மறுபடி அதே எண்ணை அழுத்தினேன்.

"இன்னா சார், இப்பத்தான பேசுன?"

"அது உங்க அம்மாவுக்கு சுகுமார். இது பேபி அம்மாவுக்கு."

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "இரு சார், அத்தைகிட்டயே தரேன்" என்றான்.