கடல் பார்க்க மட்டும்

பலாபத்வல,
மாத்தளை.
14.07.2002

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளைகளும் நல்ல சுகம். கட்டாரின் அந்த நெருப்பு வெயிலிலும் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் முத்துமாரியம்மன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் கடிதம் வந்தது. திருகோணமலைப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று எழுதி, அதன் கீழே கோடும் போட்டிருந்தீர்கள். அங்கே இருந்துகொண்டு கோடு போடுவது சுலபம். கோபிக்காமல் மேலே வாசியுங்கள். ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிலாவெளிக் கடலுக்குப் போகிறேன். இது உத்தரவு கேட்டு எழுதும் கடிதம் இல்லை, சொல்லிவிட்டுப் போகும் கடிதம்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டிருந்தீர்கள். சண்டை நின்றதிலிருந்து நான் வேலை செய்யும் ஸ்பைஸ் கார்டனுக்கு வெள்ளைக்காரர்கள் மறுபடியும் வருகிறார்கள். இப்போது சின்னப் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். போன மாதம் ஒருத்தி வந்தாள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. மூலிகைத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். எங்கள் தீவில் மூன்று கிழமை விடுமுறையாம். பிள்ளை தூங்கும் நேரம் பார்த்துப் பயணம், வெயில் ஏறுமுன் கடல், பிறகு நிழல். தொப்பி வேறு, பூசுகிற களிம்பு வேறு. என் பிள்ளைகளுக்கு எந்தக் கடற்கரை பிடிக்கும் என்று கேட்டாளாம். அதைத் தமிழில் சொன்ன எங்கள் கைட் பதுர்தீன் நானாவே என் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் உள்ளே போய் அழுதேன் என்று நினைக்காதீர்கள். ஆத்திரம்தான் வந்தது. சுற்றிவரக் கடல் உள்ள நாட்டில் பிறந்து, எட்டு வயது யசோதினி கடலைக் கலண்டரில்தான் பார்க்கிறாள். டிலக்சன் அது நாலந்தாக் குளத்தை விடப் பெரிசா என்று கேட்கிறான். எங்கிருந்தோ வருகிறவளின் பிள்ளைக்கு உள்ள கடல், என் பிள்ளைக்கு இல்லாமல் போனது எப்படி?

எப்படி என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தொண்ணூற்றொன்பது ஓகஸ்டில் நீர்கொழும்பு பஸ்ஸில் யசோவை நீங்கள் மடியில் வைத்திருந்தீர்கள், கைக்குழந்தை டிலக்சன் என்னிடம். வழியில் செக்பொயின்டில் தமிழர்களை மட்டும் இறக்கினார்கள். நம் ஆட்கள் பஸ் ஏறுவதென்றால் சாவு, கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி. வேறு எதற்கும் ஏற மாட்டோம். அது நமக்குத் தெரிவதை விட ஆமிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். இறங்கின எல்லோரும் அதில் ஒன்றைச் சொல்லித் தப்பினார்கள். நீங்கள் மட்டும் பிள்ளைகளுக்குக் கடல் காட்டப் போகிறோம் என்று உள்ளதைச் சொன்னீர்கள். றத்தோட்டைத் தோட்டத்துத் தமிழன், கடலோரத்தில் சொந்தம் இல்லை, வேலை இல்லை, வேண்டுதலும் இல்லை, பிறகு எதைப் பார்க்க வந்தாய் என்று உங்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தீபாவளியும் போன பிறகுதான் விட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் நாலு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை. விசா வந்ததும் போய்விட்டீர்கள். இப்போது லீவு கிடைத்தாலும் வேண்டாம் என்று அங்கேயே இருக்கிறீர்கள். வேலை அதிகம் என்று எழுதுகிறீர்கள். நான் நம்புகிற மாதிரி பதில் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் இருளாண்டி ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து வந்தார். உங்கள் கடிதம் அவருக்கும் போயிருக்கிறது, தெரியும். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் கோணேசர் கோயில் நேர்த்தி என்று சொல்லிடுங்க, டிலக்சன் கையிலே மஞ்சத்துணியிலே காசு முடிஞ்சு கட்டிடுவோம், கேட்டா மொட்டை போடப் போறோம்னு நான் சொல்லிக்கிறேன் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். கோணேசரையும் போய்க் கும்பிடுவோம், அது வேறு. ஆனால் சாமியைப் பொய்ச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன். கேட்டால் கடல் பார்க்க என்றுதான் சொல்வேன்.

தங்குவதற்குக் கவலை இல்லை. என்னோடு வேலை செய்யும் ஸரீனாவின் சாச்சி, அவளுடைய சின்னம்மா, நிலாவெளிக்குப் பக்கத்தில் இறக்கண்டியில் இருக்கிறார். தன் மகளின் பழைய தொப்பி இரண்டையும் ஸரீனா தந்திருக்கிறாள். யசோ பேசினுக்குள் முகத்தை வைத்து மூச்சுப் பிடித்துப் பழகுகிறாள். வீடெல்லாம் தண்ணீர்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஏசுவதென்றால் ஏசி எழுதுங்கள், எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள்,
அழகம்மா

***

இறக்கண்டி,
16.08.2002

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மன் புண்ணியத்தில் எல்லோரும் சுகமாக வந்து சேர்ந்தோம். நீங்கள் பதில் போடவில்லை. பரவாயில்லை, கோபம் ஆறும்வரை நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

உங்கள் அண்ணனும் கூட வந்தார். பொம்பளப்புள்ளையைத் தனியா விட்டா தம்பி மொகத்துல எப்படி முழிக்கிறது என்று விடியற்காலையிலேயே பலாபத்வல சந்தியில் வந்து நின்றார். மஞ்சள் துணியைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நான் கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டேன்.

கந்தளாய் தாண்டி ஒரு செக்பொயின்ட். சமாதானம் வந்ததென்று எல்லாவற்றையும் எடுத்துவிடவில்லை. எங்களை இறங்கச் சொன்னார்கள். ஒரு சின்னப் பொடியன்தான் கேட்டான், எங்கே போகிறீர்கள், எதற்கு என்று. உங்கள் அண்ணன் கோவில் என்று தொடங்கினார். அதற்குள் நான் முந்திக்கொண்டு சிங்களத்தில், முஹுத பலன்ன, கடலைப் பார்க்க என்று சொன்னேன். கடலைப் பார்க்க மட்டுமா என்று கேட்டான். மட்டும்தான் என்றேன். சொந்தக்காரர் யார் என்றான். எங்களுக்கு இந்தப் பக்கம் சொந்தம் இல்லை என்றேன். புருஷன் எங்கே என்றான். கட்டார் என்றேன். அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? பிள்ளைகளை இப்படி இழுத்துக்கொண்டு வந்தேனே, என்னைப் போல ஒரு மூதேவி உண்டா என்று என்னையே திட்டினேன். உங்கள் அண்ணனின் கை சட்டைப்பைக்குப் போனது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அன்றைக்கு நீங்கள் எப்படி நின்றிருப்பீர்கள் என்று அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

வயதான ஒருவர் அட்டைகளோடு வெளியே வந்தார். அதே கேள்வி, அதே பதில். பையைத் திறக்கச் சொன்னார். துவாய், பந்து, தொப்பி, இடியப்பப் பார்சல், தேங்காயெண்ணெய்ப் போத்தல். வேறு ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அட்டைகளை என் கையில் தந்து, போகச் சொல்லித் தலையை அசைத்தார். சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. பஸ் போயிருக்கும் என்று நினைத்தேன். தம்புள்ளையில் ஏறின ஒரு சிங்களப் பெண், பிள்ளைகள் வரும்வரை எடுக்க விட மாட்டேன் என்று டிரைவரோடு சண்டை பிடித்து நிறுத்தி வைத்திருந்தாள்.

கடலைக் கண்டதும் யசோ ஓடினாள், ஓடி நடுவில் நின்றுவிட்டாள். இவ்வளவு பெரிசு என்று ஏன் சொல்லவில்லை என்று என்னிடம் கோபித்துக்கொண்டாள். டிலக்சன் அலையைப் பார்த்துவிட்டு, இத எப்ப நிப்பாட்டுவாங்க என்று கேட்டான். உங்கள் அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டி முழங்கால்வரைதான் என்று இறங்கியவர், சட்டையோடு தண்ணீரில் உட்கார்ந்து குழந்தை மாதிரி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கரைக்கு எதிரே ஒரு சின்னத் தீவு தெரிகிறது, புறாத்தீவு என்கிறார்கள். படகுக்காரர் கூப்பிட்டார், பிள்ளைகள் இரண்டும் என் கையைப் பிய்த்து எடுத்தன. நான் ஏறவில்லை. பயத்தில் இல்லை. அங்கே அப்பாவோடுதான் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். படகுக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், சித்திரை விடுமுறைக்கு நாலு பேராக வருவோம் என்று. என்னைப் பொய்க்காரி ஆக்காதீர்கள்.

லீவுக்கு எழுதிப் போடுங்கள். இந்த வழியில் மறுபடி நம்மை இறக்கத்தான் செய்வார்கள். எங்கே, எதற்கு என்று கேட்கத்தான் செய்வார்கள். அன்றைக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்கள் சொல்லுங்கள், அன்று சொன்ன அதே பதிலை. நானும் பிள்ளைகளும் உங்களைத் தொட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்போம்.

அம்மன் உங்களைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
அழகம்மா