ஜெனிற்றா சொன்ன இறுதியாட்டம்

என் ஆசை அண்ணைக்கு,

நேற்று எங்கள் மைதானத்தில் மறுபடியும் ஒரு குரல் கேட்டது. அதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு நித்திரை வராது. குரல் என்னுடையது இல்லை, பயப்படாதீர்கள். மைக்கைக் கண்டாலே எனக்குத் தொண்டை அடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

நீங்கள் மைக்கை வைத்துவிட்டு வெளிநாடு போனபிறகு, பருத்தித்துறையில் உதைபந்தாட்டத்துக்கு நேர்முக வர்ணனை சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கழகத்தார் ஆட்டம் முழுக்கச் சினிமாப் பாட்டுப் போட்டார்கள். கோல் விழுந்தாலும் பாட்டு, ஒருவன் கால் முறிந்து கிடந்தாலும் பாட்டு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஒலிபெருக்கியைக் கழற்றிக் கடலில் போட்டிருப்பேன்.

அப்படி ஒரு நாளில்தான் ஜெனிற்றாவைக் கண்டேன். எட்டாம் வகுப்பு. எங்கள் கோல் காப்பாளன் றெஜியின் தங்கச்சி. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாட்டுச் சத்தத்தையும் மீறி, ஆட்டத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நின்றாள். பந்து யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதில் ஒரு பிசகு இல்லை.

பின்னேரங்களில் அவளைப் பயிற்சி பார்க்கக் கூட்டிப் போனேன். உங்கள் மேசைக்குப் பக்கத்தில் இருந்து நான் கற்றதைத்தான் அவளுக்குச் சொன்னேன். முதுகில் இருக்கிற இலக்கத்தை நம்பாதே, இரண்டாம் பாதியில் அதில் மணல் அப்பிவிடும், ஆளின் ஓட்டத்தைப் பார். கொஞ்ச நாளில், தோளைச் சரித்து ஓடுகிறவன் யார், குதிக்காலைத் தேய்க்கிறவன் யார் என்று அவள் எனக்குச் சொல்லத் தொடங்கினாள்.

ஆனால் முதன்முதலாக ஒரு சிநேகபூர்வ ஆட்டத்தில் மைக் கிடைத்தபோது, பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? கோல் விழுந்ததும், “எங்கடை பெடியள் அடிச்சுப்போட்டாங்கள்” என்று கத்திவிட்டாள். வெளியூர் அணி ஆட்டத்தை விட்டுவிட்டு நேரே மேசைக்கு நடந்து வந்தது. மைக்கைப் பிடித்தவனுக்கு ஊர் இல்லை என்பது நீங்கள் போட்ட சட்டம் அல்லவா?

கழகத் தலைவர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். “தங்கச்சி, உவளை வைச்சு எனக்கு அடி வாங்கித் தரப் பாக்கிறீரோ? இறுதியாட்டம் மட்டும் தாறன். அதிலையும் உப்பிடிக் கதைச்சால் பிறகு அவளுக்கு மைக் இல்லை, பாட்டுத்தான்.”

ஜெனிற்றா அழுதாள். “அன்ரி, நான் என்ன செய்ய? அது தானா வாயில வருது.”

“எங்கடை எண்டு வரேக்கை, அவன்ரை பேரைச் சொல்லு. பேருக்குக் கட்சி இல்லை” என்றேன். நான் சொன்னது சரிதானா, அண்ணை?

நேற்று இறுதியாட்டம். குருநகர் அணியோடு. ஆளுக்கொரு கோல், முடிய இன்னும் சில நிமிடங்கள். தூரத்தில் இருந்து வந்த சாதாரணப் பந்து ஒன்று. றெஜி பிடித்தான். பிடித்த பந்து கையில் இருந்து வழுக்கி, கால்களுக்குள்ளால் உள்ளே போனது.

நான் மைதானத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். மைக்கை இறுக்கிப் பிடித்தாள்.

“பந்தைப் பிடித்தவர் றெஜி. நழுவவிட்டவரும் றெஜி. குருநகர் அணிக்கு இரண்டாவது கோல்.”

குரல் ஒரு சொட்டும் உடையவில்லை. முதலில் குருநகர்ச் சனம் மேசைப் பக்கம் திரும்பிக் கைதட்டியது. பிறகு எங்கள் சனமும் தட்டியது. கிண்ணம் போனது, போகட்டும். அந்தக் கைதட்டலில் நான் பெற்ற சந்தோசத்தை எந்தக் கிண்ணத்தில் ஊற்றுவது?

கிண்ணத்தோடு வந்த குருநகர்த் தலைவன் அவளிடமே கேட்டான். “எங்கடை மைதானத்துக்கும் வந்து சொல்லுவீரோ, பிள்ளை?” நான் வாய் திறக்குமுன்னமே “ஓம்” என்றுவிட்டாள். எங்கள் கழகத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “வாற வருசமும் இஞ்சை உவள்தான்” என்றார்.

கடைசியாக றெஜி வந்தான். கண் சிவந்திருந்தது. என்ன சொல்லப்போகிறானோ என்று எனக்குப் பதறியது.

“என்ரை பேரை இவ்வளவு வடிவா ஒருத்தரும் சொன்னதில்லை” என்றான். “வா, வீட்டை போவம். அம்மா தேடப்போறா.”

குருநகருக்கு நானே அவளைப் பஸ்ஸில் கூட்டிப் போவேன், அண்ணை. இனி மேசைக்குப் பக்கத்தில் இருக்கமாட்டேன். அவளுக்கு நான் தேவையில்லை. சனத்துக்குள் நின்று, “உது எங்கடை பிள்ளை” என்று தொண்டை கிழியக் கத்துவேன். உங்கள் சட்டம் மைக் பிடிக்கிறவர்களுக்குத்தானே.

என்றும் உங்கள் கட்சியில் நிற்கும் தங்கச்சி,
வசந்தி