அப்பா சுற்றிய கறுப்பு நூல்

மோகோலா, இபாதான்
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

என் கண்மணி மோனிசோலாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் தயவில் நானும் அப்பாவும் வேளைக்குப் பசித்து, சாப்பிட்டு, சண்டையும் போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். அந்தக் கனடாக் குளிரில் நீ உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். இங்கே ஹார்மட்டான் காற்று சீக்கிரமே வந்துவிட்டது, துடைக்கத் துடைக்கத் தூசி, உதடெல்லாம் வெடிப்பு. எதிர் வீட்டு ரிஸிகத்துக்கு இரட்டைப் பிள்ளை பிறந்திருக்கிறது, அவள் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. நெற்றியோரம் இரண்டு பக்கமும் முடி கொட்டி வழுக்கை தெரிகிறது, கிறிஸ்துமஸுக்கு வருவதற்குள் மொட்டை அடித்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே மகளே. மழைக்காலத்தில் வாதம் வந்து இடது கை விழுந்ததிலிருந்து அப்பா ஒன்றைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். பிள்ளை வந்தால் தலை பின்னிவிட வேண்டும், அதற்குள் இந்தக் கை சரியாகிவிடும் என்று தினமும் சொல்கிறார்.

உனக்கு நினைவிருக்கிறதா, சர்ச்சுக்குப் போய்வந்து சோறு தின்றதும் அப்பா கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிடுவார், நீ குட்டை முக்காலியில் அவர் முழங்கால்களுக்கு நடுவே உட்காருவாய். தலையை ஈரமாக்கி, ஷியா வெண்ணெயை உள்ளங்கையில் உருக்கித் தடவி, மரச்சீப்பால் நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வேர் வரைக்கும் ஏறுவார். சீப்பு படுவதற்கு முன்பே நீ ஊரைக் கூட்டுவாய். பாப்பா, சீப்பு இன்னும் என் கையிலதான் இருக்கு, அதுக்குள்ள யாரக் கூப்பிடறே என்பார். அப்புறம் வகிடு வகிடாகப் பிரித்து, ஒவ்வொரு கற்றையிலும் வேரிலிருந்து நுனி வரை கறுப்பு நூலைச் சுற்றி நிறுத்துவார், உன் தலையைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். அக்காக்களுக்கு நடுவே வளர்ந்த கை அது. நான் பின்னினால் பள்ளி வாசல் வரைக்கும்கூடத் தாங்காது. ஆனால் பையன்கள் பள்ளியில் பிரம்போடு நடக்கிற தலைமையாசிரியர் பின்னல் போடுகிறார் என்று தெரு சிரிக்காதா, அதனால் பேர் எனக்கு வந்தது. ரிஸிகத்தை இழுத்துக்கொண்டு அவள் அம்மா வந்து, உங்க கை நல்ல கை, இவளுக்கும் ஒரு தடவை போட்டுவிடுங்க என்று கேட்டபோது, என் கை என் பிள்ளைக்கு மட்டுந்தான் என்று சொல்லித் தப்பித்தேன். நீ கவுனைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாய். கர்வம் பிடிச்சவ என்று அவள் எத்தனை நாள் முகம் திருப்பினாள்! அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்று இருக்கிறதடி.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, ஒட்டு முடி வெச்சு இறுக்கியிருப்பாங்க, மொதல்ல அவுக்கச் சொல்லு, நெத்தியோரம் இருக்கறது குழந்தை முடி, அத இழுக்கவே கூடாது என்றார். வறண்ட தலையில் வெண்ணெய் பூசாதே, முதலில் தண்ணீர், அப்புறம்தான் வெண்ணெய். படுக்கும்போது பட்டுத் துணி கட்டிக்கொள். இதெல்லாம் அவர் சொல்லி எழுதுகிறேன்.

நேற்று நூலை எடுத்துவரச் சொன்னார். இடது கைக்கு நூல் பிடிபடவில்லை, நழுவி விழுந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. என் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு உன் முக்காலியில் போய் உட்கார்ந்தேன். முடியை நான் பிடித்துக்கொள்ள, அவர் ஒற்றைக் கையால் சுற்றினார். லேசாப் பிடி மோனி அம்மா, அது ஆட்டுக் கயிறு இல்ல என்று அதட்டல் வேறு. பழக்கதோஷத்தில் கதவைச் சாத்த எழுந்தேன். வேண்டாம், தெறந்தே கிடக்கட்டும், எனக்கு வெளிச்சம் வேணும் என்றார். அந்நேரம் பார்த்து, இரட்டைப் பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டிய விருந்துச் சோற்றோடு ரிஸிகத்தின் அம்மா வந்து வாசலில் நின்றாள். அவர் கையைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள். அப்ப அந்தக் கை இதுதானா என்றாள். சோற்றைக் கீழே வைத்துவிட்டுத் தன் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டு, அடுத்தது நான்தான், ரிஸிகத்து பள்ளிக்கூடம் போன நாள்லேருந்து காத்திருக்கேன் என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா சிரித்தார் மகளே. மழைக்காலத்துக்குப் பிறகு நேற்றுத்தான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், பயணம் நல்லபடியாக அமையட்டும். நெற்றியோரம் முடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இருக்கிற தலையோடு வா. கத்தரிக்கோல் பக்கம் போகாதே. அவருடைய வலது கையும் என்னுடைய இடது கையும் தயாராக இருக்கின்றன, முக்காலியில் உட்கார நீ மட்டும்தான் வர வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா அபேனி