மேளம் நின்ற இடம்

எர்ணாவூர்,
2 ஜனவரி 2025

வரதனுக்கு,

‘அன்புள்ள’ என்று போட்டுத்தான் ஆரம்பித்தேன். பிறகு அடித்துவிட்டேன். மனசு வரவில்லை.

நீ சுக்கான் பிடிக்க, நான் முன்னால் அணியத்தில் நின்று வழி பார்க்க, ராயபுரத்திலிருந்து கடலில் நிற்கிற கப்பல்களுக்குக் காய்கறியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு எத்தனை தடவை போயிருப்போம். ஒரு தடவையாவது என் பார்வை தப்பியதுண்டா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் லாஞ்சு முதலாளி அப்துல் வஹாப் பாயிடம் போய், வால்டருக்குக் காது போய்விட்டது என்று சொல்லிவிட்டாய். பாய் கையைப் பிடித்துக்கொண்டு, ரெஸ்ட் எடு வால்டர் என்றார். எனக்கு எதற்கு ரெஸ்ட்?

என் காது நன்றாகத்தான் இருக்கிறது. ஜனங்கள்தான் இப்போதெல்லாம் முணுமுணுக்கப் பழகிவிட்டார்கள். என் மகள் மகிமாவும் அப்படித்தான். போனில் கேட்கவே வேண்டாம், எல்லாரும் கொசு மாதிரி பேசுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். மகிமா ராயபுரத்துக்கு வேலைக்கு வரும்போது இதை உன்னிடம் கொடுப்பாள்.

கிறிஸ்துமஸ் அன்று நீ வந்து ரொம்ப நேரம் கதவைத் தட்டிவிட்டுப் போனாயாம், எதிர்வீட்டு பூவம்மா சொன்னாள். கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வேண்டுமென்றேதான் திறக்கவில்லை.

பாயிடம் போய், நான் சொன்னது தப்பு, வால்டரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல். சொல்லாவிட்டால் நம் சிநேகிதம் இத்தோடு சரி.

இப்படிக்கு,
வால்டர்

—

ராயபுரம்,
5 ஜனவரி 2025

அன்புள்ள மாமு,

நான் இதை அடிக்கவில்லை பார்.

திட்டி எழுதினாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததில் சந்தோஷம். நீ இல்லாமல் லாஞ்சில் டீ கூட இறங்கவில்லை. உன் இடத்தில் இப்போது விம்கோ நகர் அசோகன் நிற்கிறான். வேலைக்காரன்தான். ஆனால் வாயைத் திறக்கவே மாட்டான். உன்னோடு சண்டை போட்டுப் பழகின எனக்கு அது பெரிய பேஜாராக இருக்கிறது.

நவம்பர் மாதம் நடந்ததை நீ மறந்துவிட்டாய் போல. மீன்பிடிப் படகு ஒன்று உன் பக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. நீ திரும்பவே இல்லை. கடைசி நிமிஷத்தில் நான் சுக்கானை ஒடித்துத் திருப்பினேன். அதில் நீ விழுந்து முட்டியில் அடிபட்டு, என்னைத்தான் திட்டினாய். உன்னிடம் நேரில் சொல்லத்தான் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சரி, சண்டை வேண்டாம். சம்சாரமும் இத்தனை நாள் தோஸ்தை இப்படி விடலாமா என்று கேட்கிறாள். எனக்கும் தூக்கம் இல்லை. பொங்கல் முடிந்ததும் பாயிடம் நீ சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். வெயில் காலத்தில் பனி இருக்காது, கண்ணே போதும், பார்த்துக்கொள்ளலாம். சொன்ன சொல் மாறமாட்டேன். கோபத்தை விடு.

உன்,
வரதன்

—

ராயபுரம்,
13 ஜனவரி 2025, போகி

அன்புள்ள மாமு,

இன்று காலையில் செத்துப் பிழைத்தோம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விடிவதற்கு முன்னாலேயே ஒரு கப்பலில் தக்காளியும் முட்டையும் இறக்கிவிட்டு, நானும் அசோகனும் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் மூடுபனி இறங்கியது. போதாததற்குப் போகிப் புகை. பழைய பாயும் டயரும் எரிகிற நாற்றத்தைக் கரைக்காற்று கடலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. சுக்கான் மேல் இருந்த என் கையையே குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. அணியத்தில் அசோகன் இருக்கிறானா, விழுந்துவிட்டானா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டேன்.

போனில் மேப் இருந்தது. நாம் எங்கே இருக்கிறோம் என்று அது காட்டும். எதிரே என்ன வருகிறது என்று காட்டாது. அதனால் கொஞ்சம் போவோம், இன்ஜினை நிறுத்துவோம், ஹாரன் அடித்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். மறுபடி கொஞ்சம் போவோம்.

அப்படி நிறுத்தியபோதுதான் மேளம் கேட்டது. பசங்கள் நெருப்பைச் சுற்றித் தட்டுவார்களே, அந்தப் போகி மேளம். காற்று அதை அப்படியே எங்களிடம் கொண்டுவந்தது. தெற்கே திருவொற்றியூரிலிருந்து வடக்கே உங்கள் எர்ணாவூர் வரைக்கும், தெருத்தெருவாக, ஒரு இடம் விடாமல். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் கரை முழுசும் கேட்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது மாமு. மேளத்தைப் பார்த்து நேராகப் போனால் வீடு என்று இன்ஜினைப் போடப் போனேன்.

“இருண்ணே,” என்றான் அசோகன். “நடுவுல மோளம் நின்னுட்ச்சு.”

“பசங்களுக்குக் கை வலிச்சிருக்கும்பா.”

“அல்லாருக்கும் ஒரே நேரத்துலயா வலிக்கும்? இந்தாண்ட கேக்குது, அந்தாண்ட கேக்குது. நடுவுல மட்டும் இல்ல. அந்த எடம் பெருசாய்க்கினே வருதுண்ணே.”

காதைக் கொடுத்தேன். உண்மைதான். சத்தத்தின் நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. எங்களுக்கும் கரைக்கும் நடுவில் என்னமோ சத்தத்தை மறைக்கிறது, அது எங்கள் மேல் வந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேளம் கேட்ட ஒரு பக்கமாக லாஞ்சைத் திருப்பி ஓட்டினேன்.

கொஞ்ச தூரம் போய் நிறுத்தித் திரும்பிப் பார்த்தோம். பனிக்குள்ளிருந்து ஒரு இரும்புச் சுவர் வந்தது. மேலே எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. விளக்கு இல்லை, இன்ஜின் இல்லை, மணி இல்லை. துருவும், அதில் ஒட்டியிருந்த சிப்பியும் தெரிகிற அளவுக்குப் பக்கத்தில், நாங்கள் நின்றிருந்த இடத்தை மூடிக்கொண்டு அது நகர்ந்து போனது. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்தான். அவ்வளவு பெரிய பொருள் அவ்வளவு அமைதியாகப் போய் நான் பார்த்ததே இல்லை. பயம் அப்புறம்தான் வந்தது. அந்த நேரத்தில் கும்பிடத்தான் தோன்றியது. அசோகன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தான், ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

அது போனதும், நடுவில் விட்டுப்போன மேளம் மறுபடியும் கேட்டது. பசங்கள் நிறுத்தவே இல்லை.

ஆளில்லாமல் நங்கூரத்தில் கிடந்த காலிக் கப்பலாம். சங்கிலி அறுந்து, காற்றோடு போயிருக்கிறது. இழுவைப் படகு போய்ப் பிடித்துவிட்டதாகச் சாயங்காலம் சொன்னார்கள்.

பாய் ஓடிவந்து எங்களைக் கட்டிக்கொண்டார். வால்டர் விஷயமாக ஏதோ பேசணும் என்றாயே என்று அவரே கேட்டார். ஒன்றும் இல்லை பாய் என்று சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு அப்புறமும் இதைத்தான் சொல்வேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன், தெரிந்தேதான். இதற்கு மேல் உனக்கு எழுத எனக்கு வரவில்லை. நீ இனிமேல் என்னோடு பேசவே மாட்டாய் என்றாலும் வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
வரதன்

—

எர்ணாவூர்,
16 ஜனவரி 2025

அன்புள்ள வரதா,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படித்தேன். படித்ததும் கிழிக்கப் போனேன். மகிமா பிடுங்கிக்கொண்டு, முழுசா படிப்பா என்றாள்.

போகியன்று காலையில் நான் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பனியில் நாலாவது வீடு தெரியவில்லை. எதிரே பூவம்மாவின் பேரப் பசங்கள் நெருப்பைச் சுற்றி மேளத்தோடு குதித்தார்கள். குச்சி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். “இன்னாம்மா, இந்த வருசம் மோளம் ரொம்ப கம்மியா கீது,” என்று மகிமாவிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். சட்டென்று உள்ளே போய்விட்டாள். ஏன் போனாள் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

நீ கடலில் கேட்டது என் காலடியில் அடித்த மேளம் வரதா. உன் லாஞ்சு வரைக்கும் வந்த சத்தம் என் நாற்காலி வரைக்கும் வரவில்லை. நேற்றெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன், சாப்பாடு இறங்கவில்லை.

அணியத்தில் நான் நின்றிருந்தால் மேளம் நின்றது எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? எனக்குத்தான் அது ஆரம்பிக்கவே இல்லையே. நேரா வுடு வரதா என்று நானே கையைக் காட்டியிருப்பேன். நீயும் என்னை நம்பி விட்டிருப்பாய்.

பாயிடம் எதுவும் சொல்லாதே. மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்ற மகிமாவிடம் சொல்லியிருக்கிறேன், அந்தப் பசங்களுக்கு ஒன்று, அசோகனுக்கு ஒன்று. உனக்கு நானே போய் ஏற்றுகிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று நீ கதவைத் தட்டியது எனக்குக் கேட்கவில்லை. நாள் பூராவும் உன்னைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன், தட்டாமல் உள்ளே வந்துவிடு.

உன் பழைய சிநேகிதன்,
வால்டர்