வண்டியைப் பற்றி என்னையும் கேட்டிருக்கலாம்

மதுரை,
14.11.2006

சிரஞ்சீவி ஹரிஷ்குமாருக்கு அப்பாவின் ஆசீர்வாதம். பெருமாள் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியம், நீயும் ரம்யாஸ்ரீயும் குழந்தையும் அந்த ஊர்க் குளிரில் சளி இருமல் அண்டாமல் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு வலது முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும் இருக்கிறது, தைலம் தேய்த்துக்கொள் என்றால் நாற்றம் பிடிக்கவில்லை என்கிறாள். நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் கோயிலுக்குப் போயிருப்பதாக அம்மா சொல்லியிருப்பாள். அது பொய். நான் ஒத்தக்கடையில் உன் சித்தப்பா பாலமுரளி வீட்டில் இருந்தேன். ஏன் போனேன் என்பதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, நீயும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பாய், அதனால்தான் கடிதம். நீ அங்கே ஒரு பெரிய வண்டி வாங்கப் போகிறாய் என்பது எனக்குத் தெரியும். உன் மூலமாகத் தெரியவில்லை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாலமுரளி இங்கே வந்திருந்தான். வந்தவன் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே, ஹரிஷ் முக்கால் மணி நேரம் பேசினான் அண்ணே, குடும்பத்தோடு போகிற மாதிரி உயரமான சொகுசு வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறான், ரொம்பப் பெரிசும் இல்லை சின்னதும் இல்லை, என்னிடம் அபிப்பிராயம் கேட்டான், உங்களுக்குத்தான் தெரியுமே என்றான். தெரியுமே என்று நானும் சொன்னேன்.  முக்கால் மணி நேரம்! என்னிடம் நீ பேசுவது வாரத்துக்கு நாலு நிமிஷம், அதில் இரண்டு நிமிஷம் மதுரையில் மழையா என்பது. எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று நீ நினைத்திருப்பாய், வாஸ்தவம், ஒரு சைக்கிளும் ஒரு ஸ்கூட்டரும் தவிர நான் எதையும் ஓட்டியதில்லை. உன் சித்தப்பா போன தை மாதம் அதே மாதிரி வண்டி வாங்கியவன், ஒத்துக்கொள்கிறேன். அந்த வண்டி நம் சந்துக்குள் நுழையாது, அதனால் அவன் வரும்போதெல்லாம் மெயின் ரோட்டில் பால் பூத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஹாரன் அடிக்கிறான். சந்தே எட்டிப் பார்க்கிறது. துளசிராம் தம்பி வண்டி வந்திருச்சு என்கிறார்கள். நாற்பது வருஷம் என் பெயரைச் சொல்லித்தான் அவனைத் துளசிராம் தம்பி என்றார்கள், இப்போது புதிதாகக் குடி வந்தவர்கள் என்னைக் காட்டி, அந்த வண்டிக்காரரோட அண்ணன் என்கிறார்கள். எனக்குப் பொறாமைதான். அம்மா இதைப் படித்தால் பெரியவர் எழுதுகிற எழுத்தா இது என்பாள், எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அவன் ஒருவன் அபிப்பிராயம் சொன்னால் நான் நாலு பேர் அபிப்பிராயம் வாங்கி அனுப்புவேன் என்று முடிவு செய்தேன். முப்பத்திரண்டு வருஷம் ஆடிட் செக்‌ஷனில் அடுத்தவன் ஃபைலில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான், ஒரு வண்டியில் கண்டுபிடிக்க முடியாதா? முதலில் பஸ் பிடித்து மாட்டுத்தாவணிக்குப் போனேன். உன் கல்யாணத்துக்குப் பூ கொடுத்தாரே கமிஷன் கடை மலையாண்டி, அவரும் அந்த மாதிரி வண்டிதான் வைத்திருக்கிறார். மல்லிகை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவரைக் கையோடு வெளியே அழைத்துவந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அண்ணே, அதை ஏன் கேக்குறீங்க, டீசலைக் குடிச்சே நம்மளை ஒழிச்சிரும், பின்னாடி உக்காந்தா இடுப்புப் போயிரும், இம்புட்டுப் பெரிய வண்டியை எங்கிட்டு நிறுத்தி எடுக்கிறது, ஏன்டா வாங்குனோம்னு இருக்கு என்றார். எனக்கு மனசு குளிர்ந்தது. டைரியில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் நாகமலை புதுக்கோட்டை. அங்கே என்னோடு காலேஜில் படித்த அனந்தபத்மநாபன், புரொபசராக இருந்து ரிட்டயர் ஆனவர், மாப்பிள்ளையின் பேச்சைக் கேட்டு அதே வகை வண்டி வாங்கியிருக்கிறார். அவரும் கையை விரித்தார். ஏறி இறங்கறதுக்கே தனியா ஒரு கால் வேணும் ஓய், ஏசி முன்னாடி இருக்கறவாளுக்குத்தான், பின்னாடி இருக்கறவா விசிறிண்டு வரணும், சர்வீசுக்கு விட்டா வாரக்கணக்கா காத்துண்டு நிக்கணும் என்று சொல்லிக்கொண்டே கதவில் இருந்த காக்காய் எச்சத்தைத் தோள் துண்டால் பதமாகத் துடைத்தார். அதற்கப்புறம் அதே வகை வண்டி வைத்திருக்கிற காண்டிராக்டர் மருது. அவர் சொன்னது இன்னும் மோசம், வளைவில் ஆளை உருட்டுகிறதாம், டயர் சீக்கிரம் தேய்கிறதாம். மொத்தம் பதினொரு குறை சேர்ந்தது. நம்பர் போட்டு, அடியில் கோடு போட்டு, உன் சித்தப்பா இது நல்ல வண்டி என்று உனக்குச் சொன்னது எவ்வளவு தப்பு என்று ஒரு முன்னுரையும் எழுதி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்ப உறையில் விலாசம்கூட எழுதிவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாகிறது.

அனுப்புமுன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் பதினொன்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் நம் வீட்டுப் பாஷையில் சொன்னதைத் தமிழில் தருகிறேன், நம் பாஷையை எழுதி எனக்குப் பழக்கமில்லை. இப்படி மூச்சு வாங்க ஒரு சுத்து சுத்தி, கண்ணு கொட்டாமப் பாத்துட்டு, நல்லாருக்கான்னு கேட்டா எவன் ஆமாம்பான், கண்ணு பட்டுரும்னு பயந்துல்ல பேசியிருக்காங்க என்றாள். அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. மலையாண்டி வண்டியில் முன்னால் எலுமிச்சையும் மிளகாயும், பின்னால் நாக்கை நீட்டிய பூத முகம். டயர் தேய்கிறது என்ற மருது அதே வாயால் டிரைவரைக் கூப்பிட்டு, வெயில்ல நிக்குது பாரு, நிழல்ல போடு என்று கத்தினார். முப்பத்திரண்டு வருஷ ஆடிட்டருக்கு இது உறைக்கவில்லை பார். நம் ஊரில் எவன் தன் பொருளை நல்ல பொருள் என்று அடுத்தவனிடம் சொல்லியிருக்கிறான்?

அம்மா அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். கீரைக்காம்பைக் கிள்ளிக்கொண்டே, நீங்க மட்டும் என்னவாம், ஹரிஷைப் பத்தி யாராச்சும் கேட்டா என்ன சொல்றீங்க என்றாள்.  பிளஸ் டூவில் நீ கணக்கில் நூற்றுத் தொண்ணூற்றாறு வாங்கியபோது வந்தவர்களிடம், பேப்பர் லேசு, ஏதோ தப்பிச்சான் என்றேன். உனக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தபோது, ஏதோ போறான், எம்புட்டு நாளைக்கு வச்சிருப்பாங்களோ என்றேன். இரண்டு தடவையும் நீதான் காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவர்கள் போனபிறகு உன்னிடம் தனியாக வேறு ஏதாவது சொன்னேனா என்று அன்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். சொல்லவில்லை. வந்தவர்கள் கண்ணுக்குப் பயந்தேன், சரி, நீ என்ன வந்தவனா? அப்போதெல்லாம் உன்னை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, கெட்டிக்காரப் பயடா நீ என்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னவன் பாலமுரளி. அவன் எதற்கும் பயப்பட மாட்டான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அதுவும் எனக்குப் பிடிக்காது.

இந்த மனசோடுதான் ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடைக்குப் போனேன். உன் வண்டியை எனக்குக் காட்டு என்று கேட்டேன், பத்து மாதத்தில் இதுதான் முதல் தடவை. அவன் ஒன்றும் கேட்காமல் முன் சீட்டுக் கதவைத் திறந்து உட்காரவைத்து மேலூர் ரோட்டில் கொண்டுபோனான். உள்ளதைச் சொல்கிறேன், பஸ்ஸில் போனால் எலும்பெல்லாம் தனித்தனியாகக் கழன்றுவிடும் அந்த ரோட்டில் எனக்கு ஒரு குலுக்கல் தெரியவில்லை. உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் வயலெல்லாம் கண்மாய்க் கரை வரைக்கும் தெரிகிறது. சத்தமே இல்லை. ஏசி பின் சீட்டுக்கும் போகிறது, கையை நீட்டிப் பார்த்தேன். இவ்வளவு நல்ல வண்டியா இவனிடம் இருக்கிறது என்று வயிறு இன்னும் எரிந்தது. நரசிங்கம் தாண்டியதும் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமோ வருத்தமோ வந்தால் அவன் வீட்டுப் பாஷையை விட்டுத் தமிழுக்குத் தாவுவான், உனக்குத் தெரியும். அண்ணே, உங்களுக்குக் கடுப்பு வண்டி மேலயா எம் மேலயா என்றான். ரெண்டு மேலயும்தான் என்றேன். அவன் ஓரமாக நிறுத்தினான். அப்புறம் சொன்னான். அண்ணே, அவன் எங்கிட்ட மைலேஜும் கேக்கல, எஞ்சினும் கேக்கல, அதெல்லாம் அவனுக்கே அத்துபடி, இம்புட்டுப் பெரிய வண்டி எனக்குத் தகுமா சித்தப்பான்னு கேட்டான், அதுக்குத்தான் முக்கா மணி நேரம் பேசுனேன்.

ஹரிஷ், முப்பத்தி நாலு வயது ஆகிறது உனக்கு. தலைக்கு மேல் ஒரு வீடு, கையில் ஒரு குழந்தை, உன்னை நம்பி ஒரு ஆபீஸ். நீ போய் இதை இன்னொருவரிடம் கேட்டாயா?  பாலமுரளி மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை அவன் சொல்லிவிட்டான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு நாளும் வண்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை, இதுதான் பொறாமை.

அந்தப் பதினொரு குறையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். என் அபிப்பிராயத்தை நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உனக்குத் தகும். அதைவிடப் பெரிசும் தகும். குழந்தைக்குப் பின்னால் தனி சீட்டு வைத்து பெல்ட் மாட்டாமல் வண்டியை எடுக்காதே, பனி விழுகிற நாளில் வேகம் வேண்டாம், முதல் நாள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்று, அங்கே எலுமிச்சை கிடைக்காவிட்டால் என்ன கிடைக்கிறதோ அது. ரம்யாஸ்ரீக்கு எங்கள் ஆசீர்வாதம், பேத்திக்கு முத்தம். மீனாட்சி உங்களை நன்றாக வைத்திருப்பாள். இன்று காலையில் பால் வாங்கப் போன இடத்தில் யாரும் கேட்காமலேயே நான் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, என் மகன் அமெரிக்காவில ரொம்ப நல்லாருக்கான், கெட்டிக்காரன், பெரிய வண்டி வாங்கப் போறான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.  கண் பட்டால் படட்டும், அம்மா உன் போட்டோவுக்குச் சுற்றிப்போட்டுவிட்டாள். இனிமேல் எனக்கு இது தகுமா என்று கேட்கத் தோன்றினால் என்னிடம் கேள், உன் சித்தப்பாவிடம் கேட்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவன்,
துளசிராம்